கேவி என்றால் கிலோவோல்ட் அல்ல

கேள்வி: ஐயா, சூரியநெல்லியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வளைகுடாவில் இருந்த என் மச்சான், ரிமோட்டில் ஓடும் நாலடி நீள ஃபைபர் படகு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 26 சிசி பெட்ரோல் இன்ஜின். அங்கே கடலோரத்தில் பறந்ததாம், இங்கே மூச்சு வாங்குகிறது. இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரண்டில் ஓட்டலாம், ரேஸ் விடும் அளவுக்கு வேகம் வேண்டும் என்று ஆசை. கடையில் கேட்டால் '2200 கேவி மோட்டார், 6 செல் பேட்டரி போடுங்க, பறக்கும்' என்கிறார்கள். எனக்குத் தெரிந்த கேவி எங்கள் ஃபேக்டரிக்கு வரும் 11 கேவி லைன் மட்டும்தான். எதை வாங்குவது?
— வாசகர், சூரியநெல்லி

பதில்: முதலில் உங்கள் மச்சான் சொன்னது பொய்யில்லை. நீங்கள் இருப்பது கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே. அங்கே காற்று லேசு. ஆயிரம் மீட்டர் ஏறினால் பெட்ரோல் இன்ஜினின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். கடலோரத்துக்கு என்று திருகி வைத்த கார்புரேட்டரை அப்படியே விட்டிருந்தால் இன்னும் மோசம், பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும். கரண்ட் மோட்டாருக்கு இந்தக் கவலையே கிடையாது. மலை மேலே இருப்பவர் கரண்டுக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது.

இனி அந்தக் கேவி. ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் மோட்டார் மேல் எழுதியிருக்கும் எண். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் என்று கணக்கு. 6 செல் என்றால் 22.2 வோல்ட். அதை 2200-ஆல் பெருக்குங்கள்: 48,840 சுற்று! நாலடிப் படகின் ப்ரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்ற வைத்தால் படகு பறக்காது, புகைதான் பறக்கும். அந்த மோட்டார் இரண்டடிப் படகுக்கு உரியது. கடைக்காரர் உங்களிடம் படகின் நீளத்தைக் கேட்டாரா?

நான் எப்போதும் தண்ணீரிலிருந்து பின்னோக்கி வரச் சொல்வேன். முதலில் ப்ரொப்பெல்லர், அப்புறம் சுற்று, அப்புறம் வோல்ட், கடைசியில்தான் மோட்டார். உங்கள் ஃபேக்டரியில் இலை வாடவைக்கும் தொட்டிக்குக் காற்றடிக்கும் விசிறி இருக்குமே, அதில் புல்லியை மாற்றி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் மோட்டார் எப்படித் திணறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் சுமை எட்டு மடங்கு. ப்ரொப்பெல்லரும் அதே ஜாதிதான். விட்டத்தைக் கூட்டினால் அதைவிட மோசம், ஐந்தாம் அடுக்கில் ஏறும். 52 மி.மீ. ப்ரொப்பெல்லரைக் கழற்றி 57 மி.மீ. போட்டு, அதே சுற்றில் ஓட்டப் பார்த்தால் சுமை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ரேஸ் படகில் ப்ரொப்பெல்லர் பாதி தண்ணீருக்கு வெளியே நின்று சுற்றுவதால் இந்தக் கணக்கு அச்சுப்பிசகாமல் வராது. ஆனாலும் 'ஐந்து மில்லிமீட்டர்தானே' என்று வாங்கி மாட்டியவர்கள் எரித்த மோட்டார்களுக்குக் கணக்கே இல்லை.

உங்கள் படகுக்கு 52 மி.மீ., சுமை இல்லாமல் சுமார் 25,000 சுற்று. இதில் ஆரம்பியுங்கள். அதற்கு 8 செல், அதாவது 29.6 வோல்ட். 850 கேவி மோட்டார் போட்டால் கணக்குச் சரியாக வந்து உட்காரும். மோட்டார் 56 மி.மீ. விட்டம், 90 மி.மீ.க்குக் குறையாத நீளம் இருக்கட்டும். சந்தையில் 5692 என்ற எண்ணில் வருவது அந்த அளவுதான். சுமையில் சுற்று 22,000-க்கு இறங்கும். ப்ரொப்பெல்லரின் பிட்ச் விட்டத்தைப் போல 1.4 மடங்கு என்றால், வழுக்கல் எல்லாம் கழித்து மணிக்கு 75 முதல் 80 கிலோமீட்டர். ஐந்து கிலோ எடையுள்ள பொருள் அந்த வேகத்தில் வருகிறது என்பதைக் கரையில் நிற்கும் பிள்ளைகளை வைத்து யோசித்துப் பாருங்கள்.

6 செல் போதாதா என்பீர்கள். இந்தப் படகு முழு வேகத்தில் சுமார் 3 கிலோவாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 செல்லில் அதற்கு 135 ஆம்பியர் வேண்டும், 8 செல்லில் 101. வயரில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக 6 செல் படகின் வயர்களும் கனெக்டர்களும் ஏறக்குறைய 1.8 மடங்கு சூடாகும். அந்த 11 கேவி லைனை ஊருக்கு நடுவே ஏன் 230 வோல்ட்டில் இழுக்கவில்லை? அதே காரணம்தான் இங்கேயும். வோல்ட் மலிவு, ஆம்பியர்தான் விலை.

பேட்டரி: 4 செல், 5000 மில்லி ஆம்பியர் பேக் இரண்டைத் தொடராக இணையுங்கள். லேபிளில் '50 சி' என்று இருந்தால் 250 ஆம்பியர் தாங்கும் என்று பொருள். நான் அதில் பாதியைத்தான் நம்புவேன். 100 ஆம்பியர் சராசரி இழுத்தால் 3 நிமிடத்தில் காலி. ஆனால் கடைசி 20 சதவீதத்தைத் தொடக்கூடாது, செல் உப்பிவிடும். மிஞ்சுவது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. ரேஸில் ஒரு சுற்றுப் போட்டிக்கு அது போதும், மனசுக்குத்தான் போதாது. இன்ஜினும் டேங்கும் இருந்த இடம் காலியாவதால், பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வசதி உண்டு. படகின் பின் பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தில் எடை மையம் விழுகிறதா என்று விரலில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பேட்டரித் தட்டை ஒட்டுங்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது இஎஸ்சி, 200 ஆம்பியர், 8 செல் தாங்குவது, தண்ணீரால் குளிரும் வகை. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். பேட்டரியை முன்னால் தள்ள வேண்டும் என்று, பேட்டரியிலிருந்து இஎஸ்சிக்குப் போகும் வயரை ஒரு முழம் நீட்டினேன். வயர் தடிமனானது, சாலிடர் பளபளவென்று இருந்தது, எனக்கே பெருமை. இரண்டாவது சுற்றில் மூடிக்கு அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். படகை இழுத்து வந்து திறந்தால் கெபாசிட்டர் ஒன்றின் தலை பிளந்து, பஞ்சு மாதிரி ஏதோ வெளியே தொங்குகிறது. நீண்ட வயரில் எழும் வோல்ட் துள்ளல் செய்த வேலை அது. நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் நடுவே நீட்டுங்கள், பேட்டரிப் பக்கம் கூடாது.

இன்னொன்று உங்கள் ஊருக்கே உரியது. மார்கழி, தைக் குளிரில் விடிகாலையில் படகை இறக்கினால் பேட்டரி விறைத்துக் கிடக்கும். உள்மின்தடை கூடி, ஆக்சிலேட்டரைத் திருகியதும் வோல்ட் தொபுக்கென்று விழும். பேக்கைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போங்கள், கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அடுப்புப் பக்கம் கொண்டுபோய்விடாதீர்கள். சூட்டுக்கும் எல்லை உண்டு: முதல் நாள் ஒரே ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பிவந்து தொட்டுப் பாருங்கள். பேட்டரி கை பொறுக்காத சூடு என்றால் ப்ரொப்பெல்லர் பெரிது, வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

கொழுக்குமலை ஜீப்காரர்கள் யாராவது நண்பர் என்றால், கரையிலேயே ஜீப் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்றலாம். உங்கள் 8 செல் பேக்கில் அடங்குவது சுமார் 150 வாட்-மணி. 60 ஆம்பியர்-மணி ஜீப் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சாமல் இரண்டு முறை ஏற்றலாம். மூன்றாவது முறை ஏற்றினால் ஜீப்பைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், நட்பும் அதோடு சரி.

இந்த விளையாட்டின் பெரிய வடிவத்தைப் பார்க்க ஆசையா? கோயம்புத்தூர் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களின் 'சீ சக்தி' அணி 2022-இல் 'யாளி' என்ற மின்படகோடு மொனாக்கோ போட்டிக்குப் போனது. அங்கே எனர்ஜி பிரிவில் இரட்டை உடல் எல்லா அணிக்கும் ஒன்றுதான், ஏற்றிச் செல்லும் ஆற்றலுக்கும் உச்சவரம்பு உண்டு. மிச்சம் இருப்பது மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பொருந்துகிற பொருத்தம். வைக்கத்தில் 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகை எடுத்துக்கொண்டால், 75 பேரைச் சுமக்க 20 கிலோவாட் மோட்டார் இரண்டு போதுமாக இருக்கிறது. உங்கள் ஐந்து கிலோ படகு மட்டும் 3 கிலோவாட் கேட்கிறது. நீரைக் கிழித்து மெதுவாகப் போவதற்கும், நீர் மேல் எழும்பி வழுக்குவதற்கும் உள்ள விலை வித்தியாசம் அது.

கேள்வி: பெட்ரோல் படகில் இருந்த 67 மி.மீ. ப்ரொப்பெல்லரையே வைத்துக்கொண்டு மோட்டார் மட்டும் மாற்றலாமா?
— வாசகர், பாலக்காடு

பதில்: தாராளமாக. ஆனால் மேலே சொன்ன 850 கேவி மோட்டாரோடு அதைச் சேர்த்தால் சுமை மூன்றரை மடங்காகும். 67 மி.மீ.க்கு 16,000 சுற்றுப் பக்கம் போதும். 8 செல்லுக்கு 550 முதல் 600 கேவி மோட்டார் தேடுங்கள். அப்படிப்பட்டது கிடைப்பது கொஞ்சம் அரிது. கால் அங்குல வளையும் தண்டு ஏற்கெனவே இருந்தால் அதையும் மாற்ற வேண்டாம், ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் உருவி எடுத்துக் கிரீஸ் தடவினால் சரி.

கேள்வி: ஆனையிறங்கல் அணை பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஓட்டிப் பார்க்கலாமா?
— வாசகர், பூப்பாறை

பதில்: அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியாதா! யானை தண்ணீருக்கு இறங்கும் கரையில், கண்ணைத் தண்ணீர் மேலேயே வைத்துக்கொண்டு ரிமோட்டோடு நிற்பது நல்லதில்லை. அணை மின்வாரியத்தினுடையது, அனுமதி இல்லாமல் எதையும் இறக்கவும் கூடாது. எஸ்டேட்டுக்குள் இருக்கும் தடுப்பணைக் குளம் ஒன்றை மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். நூறு மீட்டர் நீளம் இருந்தால் போதும். போகும்போது மறக்காமல் படகின் மூக்குக்குள் தெர்மாகோல் அடைத்துக்கொண்டு போங்கள். கவிழ்ந்தால் மிதக்க வேண்டும், குளத்தில் இறங்கித் தேடுகிற குளிர் இல்லை அது.