கடன் அறிக்கையை நாமே பார்த்தறிவோம்

1904ஆம் ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அத்தகைய சங்கங்களை அக்காலத்தில் ஐக்கிய நாணய சங்கம் என்றே வழங்கினர். நாணயம் என்னும் சொல் பணத்தையும் குறிக்கும்; சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். கடன் கேட்பவர் எத்தகையவர் என்பதை அவருடைய ஊராரே அறிந்திருந்தனர். அந்த அறிவே அவருக்கு நற்சான்றாக விளங்கியது.

இன்று நிலைமை வேறு. நமது மனுவைப் பரிசீலிப்பவர் நம்மைக் கண்டிராதவராக இருக்கலாம். அவர் முன் நிற்பது நாம் அல்ல. நம்மைப் பற்றிய கடன் அறிக்கையே. அதில் பிழை இருப்பின், நாணயமுள்ளவரும் நாணயமற்றவராகத் தோற்றமளிப்பார். ஆகவே, அந்த அறிக்கையில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை, கடன் கேட்கப் போவதற்கு முன்னரே நாம் பார்த்தறிவது அவசியமாகும்.

நமது வட்டாரத்தில் நிகழ்ந்தது

சுய உதவிக் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கறவை மாடு வாங்குவதற்குக் கடன் கோரினார். முன்னர் ஒரு நிதி நிறுவனத்தில் பெற்ற கடனைக் கடைசித் தவணை வரை அவர் செலுத்தி முடித்திருந்தார். ஆயினும், அக்கடன் நிலுவையில் உள்ளதாகவே அறிக்கை கூறியது. மனு நிராகரிக்கப்பட்டது. மனம் நொந்து திரும்பிய அவரிடம், "ஸ்கோரை உயர்த்தித் தருகிறேன்" என்று ஒருவர் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். பின்னர், செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கூறுமாறு வற்புறுத்தினார். அச்சகோதரி ஐயுற்று, அதனைச் சொல்லாமல் நமது அலுவலகத்திற்கு வந்தார். வங்கிக் கணக்கிலிருந்த பணம் தப்பியது. கொடுத்த 2,000 ரூபாய் திரும்பவில்லை.

அறிக்கை என்பது யாது?

கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நிறுவனங்களை 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்று நெறிப்படுத்துகிறது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இப்பணியைச் செய்கின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் வழங்கிய கடன்களின் விவரங்களை இவற்றிற்கு அனுப்புகின்றன. நாம் வாங்கிய கடன்கள், தவணை செலுத்திய விதம், பிறருக்காக நாம் இட்ட ஜாமீன் ஆகியவை அறிக்கையில் இடம்பெறும். இவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை கணக்கிடப்படும் எண்ணே ஸ்கோர் ஆகும். நான்கு நிறுவனங்களும் தத்தம் முறையில் கணக்கிடுவதால், எண்ணில் சிறிது வேறுபாடு காண்பது இயல்பு.

தமது அறிக்கையைத் தாமே பார்த்தால் ஸ்கோர் குறைந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. அது தவறு. நாம் கடன் கோரும்பொழுது கடன் கொடுப்பவர் பார்ப்பதே விசாரணையாகக் கருதப்படும். குறுகிய காலத்தில் பல இடங்களில் மனுச் செய்தால் அது ஸ்கோரைப் பாதிக்கலாம். நாமே பார்ப்பதனால் யாதொரு குறைவும் நேராது.

பெறும் முறை

இந்நான்கு நிறுவனங்களில் ஒவ்வொன்றும், ஆண்டிற்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்க வேண்டும். 2017 ஜனவரி முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. எனவே, மூன்று மாதத்திற்கு ஒரு நிறுவனமாகப் பார்த்து வந்தால், ஆண்டு முழுவதும் செலவின்றிக் கண்காணிக்கலாம்.

நிறுவனத்தின் இணைய முகவரியை நாமே பதிவு செய்து உள்ளே செல்ல வேண்டும். குறுஞ்செய்தியிலோ விளம்பரத்திலோ வரும் இணைப்பைத் தொடலாகாது. கட்டணத் திட்டங்கள் முன்னே காட்டப்பட்டாலும், ஆண்டிற்கு ஒரு முறை இலவசம் என்னும் பகுதியையே தேடிச் செல்ல வேண்டும். பான் அட்டை முதலிய அடையாளச் சான்றின் எண்ணும், நமது செல்பேசி எண்ணும் கேட்கப்படும். அப்பொழுது வரும் ஓ.டி.பி. எண்ணை நம் கையாலேயே பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்கின் கடவுச் சொல்லோ, ஏ.டி.எம். ரகசிய எண்ணோ இதற்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் மோசடிக்காரரே எனக் கொள்க.

எழுதப் படிக்க இயலாதவர்கள் தமது வீட்டுப் பிள்ளைகளின் உதவியை நாடலாம். வெளியார் கணினியைப் பயன்படுத்த நேர்ந்தால், அச்சுப்படி எடுத்தபின் அதில் சேமித்த அறிக்கையை அழித்து, கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே எழுந்து வருதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. பெயர், பிறந்த தேதி, முகவரி, செல்பேசி எண் ஆகியவை நம்முடையவைதாமா?

2. நாம் வாங்காத கடன் ஏதேனும் நம் பெயரில் உள்ளதா?

3. கட்டி முடித்த கடன், முடிந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளதா? பேசிக் குறைத்துக் கட்டிய கடன் "செட்டில்டு" எனக் குறிக்கப்படும். அது முழுவதும் செலுத்தி முடித்ததற்கு ஈடாகாது.

4. உரிய நாளில் கட்டிய தவணை, தாமதமானதாகக் காட்டப்பட்டுள்ளதா?

5. நாம் மனுச் செய்யாத நிறுவனம் ஏதேனும் நம்மைப் பற்றி விசாரித்துள்ளதா? அவ்வாறாயின், நமது அடையாளச் சான்றினை வேறொருவர் பயன்படுத்தியிருக்கலாம்.

பிழை இருப்பின்

அறிக்கை வழங்கிய நிறுவனத்திடமும், கடன் கொடுத்த நிறுவனத்திடமும் புகார் செய்யலாம். இதற்குக் கட்டணம் இல்லை. ரசீது, நிலுவையில்லாச் சான்று ஆகியவற்றின் நகலை இணைக்க வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்வு காணாவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் குறை தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். பணத்தை மோசடியில் இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும்.

உண்மையான கடன் பாக்கியைப் பணம் பெற்றுக்கொண்டு அழித்துவிட எவராலும் இயலாது. தவணையைத் தவறாது செலுத்துவதே ஸ்கோரை உயர்த்தும் வழி. இதுவரை கடனே வாங்காதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. முந்தைய கடன் வரலாறு இல்லை என்னும் ஒரே காரணத்தால் முதன்முறை மனுச் செய்வோரை நிராகரித்தலாகாது என ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியுள்ளது.

முன்னர்க் கூறிய சகோதரி பழைய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு பிழை திருத்தப்பட்டது, கடனும் கிடைத்தது. ஆனால் அதற்குள், அவர் விலை பேசி வைத்திருந்த மாடு வேறு ஊருக்குச் சென்றுவிட்டது. மூன்று மாதம் முன்னரே அறிக்கையைப் பார்த்திருந்தால் அது இன்று அவர் கொட்டிலில் நின்றிருக்கும்.

எனவே, ஒவ்வொரு சுய உதவிக் குழுவும் தனது மாதக் கூட்டத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம். அன்று, அறிக்கையைப் பெறும் முறையை அறிந்தவர் மற்றவர்க்குக் கற்பிக்கட்டும். ஆனால் ஒவ்வொருவரும் தமது அறிக்கையைத் தாமே திறந்து பார்க்கட்டும். பாடுபட்டுக் காத்த நாணயம் ஏட்டிலும் பிழையின்றி விளங்க வேண்டுமன்றோ!