வயல் வேலையும் பாம்புக்கடியும்

திருவள்ளூர் ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களிலும் நெல் பயிராகின்றது. ஆகவே தானியத்தை நாடி எலியும், எலியை நாடிப் பாம்பும் ஆண்டு முழுவதும் வரப்புகளில் உறைகின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். இவர்களுள் பெரும்பாலோர் கிராமவாசிகளே.

மரணம் விளைவிப்பவை பெரும்பாலும் நான்கு வகைப் பாம்புகளாம். நல்ல பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்தும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். கண்ணாடி விரியன் மூத்திரக்காய்களையும் பழுதாக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிப்பது வழக்கம். அக்கடியில் வலியோ வீக்கமோ அநேகமாய் இராது. வயிற்று வலியும் இமை சரிதலும் பின்னரே தோன்றும். ஆதலால் வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது.

விஷமற்ற பாம்புகள் பல உண்டு. விஷப்பாம்பு கடித்தும் விஷம் இறங்காதிருப்பதும் உண்டு. இத்தகையோர் தாமே பிழைப்பதைக் கண்டே மந்திரமும் கல்லும் பலித்தன என ஜனங்கள் நம்புகின்றனர். விஷம் இறங்கியவருக்கோ இவற்றால் காலம் வீணாவதே பயன். விஷமுறிவு மருந்து இரத்தத்தில் உலாவும் விஷத்தை முறிக்குமேயன்றி, முன்னமே கெட்டுப்போன உறுப்பைச் சீராக்க மாட்டாது. உயிர் பிழைப்பது பெரிதும் நேரத்தைப் பொறுத்ததே.

கடியுண்டவருக்குச் செய்யத்தக்கவை:

1. அவரை நடக்கவோ ஓடவோ விடாமல் படுக்கவைத்துத் தைரியம் கூறுக.
2. மோதிரம், மெட்டி, கொலுசு முதலியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுக.
3. கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்தாற்போல் மூங்கில் தப்பை வைத்து அசையாமல் தளரக் கட்டுக.
4. இறுகக் கயிறு கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவற்றை அறவே விலக்குக.
5. பாம்பைத் தேடி அலையாது, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துத் தருவோர் பெரும்பாலும் இருளர்களே. செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், மேற்கண்ட நால்வகைப் பாம்புகளையும் பிடித்து, விஷம் எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அவ்விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து தயாராகின்றது.

வருமுன் காத்தலே சிறந்தது. நிலச்சுவான்தார்கள் தம் ஆட்களுக்கு முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸும் கைவிளக்கும் வாங்கித் தருதல் கடமையாகும். ஓர் உயிருக்கு முன் அச்செலவு அற்பமே. வைக்கோற்போரையும் அரிக்கட்டையும் வெறுங்கையால் தூக்காமல், முதலில் கோலால் புரட்டிப் பார்க்க வேண்டும். வரப்புகளைக் குறுகலாக அமைத்து, வளைகளை அடைத்து, கிட்டி வைத்து எலிகளைக் குறைப்பின் விளைச்சலும் மிஞ்சும், பாம்பும் குறையும். இரவில் மோட்டார் போடச் செல்வோரும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறை முடிந்து வரப்பு வழியே திரும்புவோரும் விளக்கின்றி நடத்தலாகாது. தரையில் படுப்போர் கொசுவலையைப் பாயின் கீழ் செருகிக்கொள்ளுதல் நலம்.

பாம்புக்கடியைத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசினர் 2024ஆம் ஆண்டு அறிவித்துள்ளனர். எந்த ஊரில் எப்போகத்தில் கடி மிகுதி என்பது தெரிந்தால்தான் மருந்தை உரிய இடத்தில் வைத்தல் கூடும். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், மருந்து இருப்பிலுள்ள அண்மை ஆஸ்பத்திரி எது, இரவில் அங்குச் செல்ல வண்டி யாரிடம் உண்டு என்னும் இரண்டையும் அறுவடைக்கு முன்னரே விசாரித்து, ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டிவைப்பாராக.