டி.டி.எஸ் பிடித்தாயிற்று, இன்னும் என்ன பாக்கி?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோவை. ஹிஞ்ஜவடியில் ஒரு நிறுவனத்தில் பார்த்த வேலையை 2025 மார்ச்சில் விட்டுவிட்டு, ஏப்ரலிலிருந்து வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதித் தருகிறேன். டிசம்பர் வரை 18 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்திருக்கிறேன். மார்ச் முடிவதற்குள் 22 லட்சம் ஆகிவிடும். அதில் 14 லட்சம் புனே நிறுவனம் ஒன்று தருவது, 8 லட்சம் சிங்கப்பூரிலிருந்து வருவது. புனேக்காரர்கள் 10 சதவீதம் டி.டி.எஸ் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். இது தவிர, கோவை வீட்டிலிருந்து மாதம் 15,000 வாடகை. "44ஏடிஏ இருக்கிறது, கணக்கே எழுத வேண்டாம்" என்கிறாள் தோழி. அப்படியானால் நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லையா, ஆடிட்டர் சார்?
வாசகி, வாகட், புனே

பதில்: தோழி சொன்னது வருமான வரி வரைக்கும்தான் சரி. உங்கள் 22 லட்சத்தை வருமான வரித் துறை பாதியாகப் பார்க்கிறது. ஜி.எஸ்.டி. முழுசாகப் பார்க்கிறது, கூடவே கோவை வாடகையையும் சேர்த்துக்கொள்கிறது. மகாராஷ்டிரத்தின் தொழில் வரிக்குத் தொகையே பொருட்டில்லை, நீங்கள் தொழில் செய்வதே போதும்.

லாபமான சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தகவல் தொழில்நுட்பம் 44ஏடிஏ பிரிவுக்குள் வரும் தொழில். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதிக்கு ரசீது கேட்கமாட்டார்கள். அதே சமயம் லேப்டாப், இணையக் கட்டணம் என்று மேற்கொண்டு எதையும் கழிக்கவும் முடியாது. உங்களுக்கு அது 11 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியில்லையே என்று நிம்மதியாக இருக்கும்போது வாடகை குறுக்கே வருகிறது. வருடத்துக்கு 1,80,000. அதில் 30 சதவீதக் கழிவு போக 1,26,000. ஆக மொத்தம் 12,26,000.

கோட்டைத் தாண்டிவிட்டோம், இனி 4 லட்சத்துக்கு மேலுள்ள எல்லாவற்றுக்கும் வரி விழுந்து 63,900 கட்ட வேண்டுமோ என்று பலர் பதறுகிறார்கள். வேண்டாம். 12 லட்சத்தைத் தாண்டிய தொகை எவ்வளவோ அதற்கு மேல் வரி போகக் கூடாது என்று சட்டத்திலேயே தளர்வு இருக்கிறது. உங்களுக்கு அது 26,000. 4 சதவீத செஸ் சேர்த்தால் 27,040. உங்களிடம் பிடித்திருப்பதோ 1,40,000. அதாவது 1,12,960 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம்! ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அது வரும். வங்கி வட்டி இருந்தால் இந்தக் கணக்கு சற்று ஏறும், கோவை வீட்டுக்குச் சொத்துவரி கட்டியிருந்தால் சற்று இறங்கும். இந்த வருடம் டி.டி.எஸ்ஸே வரியைவிட அதிகம் என்பதால் முன்கூட்டிய வரி கட்டத் தேவையில்லை. சிங்கப்பூர்ப் பங்கு பெருகினால் நிலைமை மாறும். டி.டி.எஸ் போக வரி 10,000-ஐத் தொட்டாலே மார்ச் 15-க்குள் முழுவதையும் கட்டிவிட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. அதில் 44ஏடிஏ என்ற எண் இருக்காது, 58-ஆம் பிரிவில் தேடுங்கள்.

இனி ஜி.எஸ்.டி. நீங்கள் அவசரமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான். சேவைத் தொழிலுக்கு வரம்பு 20 லட்சம். வெளிநாட்டுப் பணம் இதில் சேராது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். சேரும். ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பது வேறு, வரம்புக் கணக்கில் வராது என்பது வேறு. குடியிருப்பு வாடகைக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் ஒரே பான் எண்ணில் வருவதால் அதையும் கூட்ட வேண்டும். நீங்கள் 18 லட்சத்தில் நிற்பதாக நினைக்கிறீர்கள். ஒன்பது மாத வாடகையைக் கூட்டினால் டிசம்பரிலேயே 19,35,000. ஜனவரி பில்லைப் போட்டதும் தாண்டிவிடும். தாண்டிய 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

பதிவுக்குப் பிறகு புனே நிறுவனத்துக்குப் போடும் பில்லில் 18 சதவீதம் சேரும். அவர்கள் ஜி.எஸ்.டி. கட்டுபவர்கள் என்றால் பொதுவாக அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் தயங்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனி வரியாகக் காட்டுங்கள். அப்போதுதான் டி.டி.எஸ் உங்கள் கட்டணத்துக்கு மட்டும் பிடிப்பார்கள். சிங்கப்பூர் பில்லுக்கு எல்.யூ.டி. என்ற உறுதிமொழியை இணையத்தில் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். அது அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான் செல்லும், ஏப்ரலில் புதிதாகக் கொடுக்க வேண்டும். வசூலிக்கும் 18 சதவீதத்துக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் வீட்டுத் தவணை கட்டிவிட்டு ரிட்டர்ன் நேரத்தில் கடன் தேடியவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

தொழில் வரியில் ஊர்ப் பழக்கம் நம்மைக் குழப்பும். தமிழ்நாட்டில் அதை மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டுவார்கள். இங்கே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் போய்க் கேட்டால் கையை விரிப்பார்கள். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் ஜி.எஸ்.டி. துறைதான் வசூலிக்கிறது. சம்பளத்தில் மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300 என்று பிடித்தார்களே, அதே 2,500-தான். இப்போது நீங்களே பி.டி.இ.சி. பதிவு எடுத்துக் கட்ட வேண்டும். தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எடுத்திருக்க வேண்டியது, ஆகவே தாமத வட்டியும் சேரும். அடுத்த ஆண்டுகளில் கெடு ஜூன் 30. ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தால் இதுவும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

கணக்கு எழுத வேண்டாம் என்பதற்கு வருவோம். பேரேடு வேண்டாம், உண்மைதான். ஆனால் பில்களுக்குத் தொடர் எண், சிங்கப்பூர்ப் பணத்துக்கு வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்று, மாதம் ஒரு பக்கத்தில் பில்லும் வரவும், இவை இல்லாவிட்டால் வருமான வரித் துறையின் ஏ.ஐ.எஸ். அறிக்கையோடு எதை ஒப்பிடுவீர்கள்? பெரும்பாலும் தகராறு மார்ச் பில்லில்தான் வரும். புனே நிறுவனத்தார் மார்ச்சிலேயே டி.டி.எஸ் காட்டிவிட்டுப் பணத்தை ஏப்ரலில் தருவார்கள். வரவு வந்த ஆண்டில்தான் வருமானம் என்று நீங்கள் கணக்கு வைத்தால், அந்த டி.டி.எஸ்ஸையும் ரிட்டர்னில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். பழைய நிறுவனம் தந்த வெளிநாட்டுப் பங்குகள் ஏதாவது உங்கள் பெயரில் இருக்கின்றனவா? இருந்தால் சுலபமான ஐ.டி.ஆர்-4 படிவம் உங்களுக்குக் கிடையாது. ஐ.டி.ஆர்-3-இல் 44ஏடிஏ-வையும் காட்டி, அந்தப் பங்குகளை வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலிலும் எழுத வேண்டும்.