மதுவின் கணக்கு தெருவுக்குத் தெரு மாறுவதேன்?



ராயப்பன்பட்டியிலிருந்து ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று சுற்றி வந்தவர்களுக்குத் திராட்சைப் பந்தல்களின் குளுமை தெரியும். கம்பம் பன்னீர் திராட்சை 2023ல் புவிசார் குறியீடும் பெற்றது. அல்லாஹ் நமக்களித்த அந்தக் கனி ஹலால். அதையே புளிக்க வைத்துப் போதையாக்கினால் ஹராம். இந்தப் பாடம் நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அந்தத் தடை வந்த நாளில் மதீனாவில் என்ன நடந்தது என்பதை நாம் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? அனஸ் (ரலி) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் இருந்தோருக்கு மது ஊற்றிக் கொண்டிருந்தார்கள். பேரீச்சங்காயில் செய்த மது அது. வெளியே ஒருவர் தடையை அறிவித்துச் செல்லும் குரல் கேட்டது. உடனே அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிடுமாறு அபூதல்ஹா (ரலி) அவர்கள் கூறினார்கள். அன்று கொட்டப்பட்ட மது மதீனாவின் தெருக்களில் ஓடியது என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

ஒரு வீட்டார் மட்டும் விட்டுவிட்டு, அடுத்த வீட்டார் தொடரவில்லை. தெருவே சேர்ந்து விட்டது. ஆகவே விடுவது எளிதாயிற்று. இதை மனத்தில் வைத்துக் கொண்டு, இன்று மதுவினால் மருத்துவமனைக்குப் போவோரின் கணக்கையும், மாண்டு போவோரின் கணக்கையும் தெருவாரியாகப் பார்ப்போம்.

ஓர் ஊர், இரு கணக்கு

மதுவின் தீங்கு எல்லாத் தெருவுக்கும் ஒன்றுபோல் வந்து சேர்வதில்லை. இதை மிகத் துல்லியமாக எண்ணி வைத்திருக்கும் நாடு ஸ்காட்லாந்து. மதுவினால் மட்டுமே உண்டாகும் நோய்களால் அங்கே 2023ஆம் ஆண்டில் 1,277 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் இறப்பும் எந்தப் பகுதியில் நேர்ந்தது என்று பார்த்தபோது, மிக வறிய பகுதிகளின் இறப்பு விகிதம் மிக வளமான பகுதிகளைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. மருத்துவமனையில் சேர்வோரின் கணக்கும் இப்படியே வறிய பகுதிகளில் பன்மடங்காக நிற்கிறது.

அந்நாட்டின் பெருநகரமான கிளாஸ்கோவில் கால்ட்டன் என்றொரு பகுதி உண்டு. அங்கே பிறக்கும் ஆண்மகனின் சராசரி ஆயுள் 54 ஆண்டு என்றும், சில கல் தொலைவிலுள்ள லென்சியில் 82 ஆண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2008ல் எடுத்துக் காட்டியது. அந்த 28 ஆண்டு இடைவெளிக்கு வறுமை, வேலையின்மை, போதை மருந்து என்று காரணங்கள் பல. மதுவும் அவற்றில் ஒன்று.

‘ஏழைகள் நான்கு மடங்கு குடிக்கிறார்கள் போலும்!’ என்று ஒருவர் நினைக்கலாம். அப்படியல்ல. அதே ஸ்காட்லாந்தில் சுமார் ஐம்பதாயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. ஒரே அளவு குடித்தவர்களை ஒப்பிட்டபோதும், ஏழையே அதிகம் கெட்டார். புகைப் பழக்கம், உடற்பருமன் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் அந்த வித்தியாசம் மறையவில்லை. நாடுகளுக்கிடையிலும் இதே நிலைதான். குடிக்கப்படும் ஒவ்வொரு லிட்டருக்கும் நேரும் இறப்பு ஏழை நாடுகளில்தான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் இப்படி?

காரணங்களை நம் பள்ளத்தாக்கிலேயே காணலாம்.

முதலாவது, உடல். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர், வெறும் வயிற்றில் குடிக்கிறார். சத்தில்லாத உடம்பில் ஈரல் விரைவில் கெடுகிறது.

இரண்டாவது, கடை. எங்கே கடை அருகில் இருக்கிறதோ, எங்கே எதிர்த்துப் பேச ஆளில்லையோ, அங்கே பாரம் அதிகம். நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன்படி 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்றிடம் தேடியபோது பல கடைகள் குடியிருப்புகளை நோக்கி வந்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் முதலாகப் பல ஊர்களில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, தாமதம். வசதியுள்ளவர் கால் வீங்கியதுமே மருத்துவரிடம் போகிறார். கூலிக்காரருக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ராயப்பன்பட்டியிலிருந்து கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக உத்தமபாளையம், சின்னமனூர், தேனி எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். ஆகவே இரத்த வாந்தி எடுத்த பிறகுதான் வண்டி பிடிக்கிறார்கள்.

நான்காவது, விழுந்தால் தாங்குவதற்கு ஆளில்லாமை. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் வசதியுள்ள வீட்டில் சேமிப்பு இருக்கிறது. ஏழை வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

கருணாபுரம் தரும் படிப்பினை

நம் தமிழகத்தில் ஒரு குறிப்பிட்ட தெருவின் மீதே இந்தத் துன்பம் இடியாக விழுந்ததை 2024 ஜூன் மாதம் கண்டோம். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் கூலி வேலை செய்து பிழைக்கும் மக்கள் வாங்கிக் குடித்த சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுவை ஜிப்மர் மருத்துவமனைகளில் இருநூறு பேர் வரை சேர்க்கப்பட்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓராண்டுக்கு முன், 2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவர் குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதேபோல் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

அரசுக் கடையின் பாட்டிலை விடப் பாக்கெட் சாராயம் மலிவு. வறியவர் அதைத் தேடிப் போகிறார். மெத்தனால் உள்ளே போனவுடன் கொல்வதில்லை. உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். பிறகு வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்கல், கண் மங்கல். உடனே மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் காப்பாற்றக் கூடும். ‘போதை தெளிந்தால் சரியாகும்’ என்று படுக்க வைத்தவர்கள் கண்ணையோ உயிரையோ இழந்தார்கள்.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்தார்கள். அதனால் மதுவினால் நேரும் இறப்பு சுமார் 13 விழுக்காடு குறைந்தது என்றும், வறிய பகுதிகளிலேயே அந்தப் பயன் அதிகம் கிடைத்தது என்றும் ஆய்வாளர் கணித்தனர். ஆனால் விலையை மட்டும் உயர்த்திவிட்டு, பக்கத்துச் சந்தில் பாக்கெட் சாராயத்தை விட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கருணாபுரமே சாட்சி. தெருவைக் காக்காத சட்டம் பாதிச் சட்டமே.

நம் மஹல்லா தப்பியதா?

‘இதெல்லாம் பிறர் கதை. நம் தெருவில் குடி கிடையாது’ என்று சொல்லும் சகோதரர்கள் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வயது வந்த ஆண்களில் நால்வரில் ஒருவர் மது அருந்துகிறார். மார்க்கத் தடை நம் மக்களில் பெரும்பாலோரைக் காத்திருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் நம்மில் குடிப்பவர் ஒருவர்கூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

மேலும், பக்கத்துத் தெரு நமக்கு அந்நியமா? அண்டை வீட்டார் வாரிசாகவே ஆக்கப்பட்டு விடுவாரோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தினார்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கின் கருத்து. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் அண்டை வீட்டாரே.

நம்மிடையே உள்ள பெரும் ஆபத்து மறைப்பது. ‘அத்தா குடிக்கிறார்’ என்று வெளியே தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வராது, ஜமாஅத்தில் தலைநிமிர முடியாது. ஆகவே ஈரல் கெட்டதை ‘மஞ்சள் காமாலை’ என்கிறோம், வயிறு வீங்கியதை ‘நீர்க்கட்டு’ என்கிறோம். மருத்துவரிடமும் உண்மையைச் சொல்வதில்லை. கணக்கில் நம் தெரு சுத்தமாக இருக்கிறது. கபரஸ்தானில் மட்டும் நாற்பது வயதுக்காரர் அடங்குகிறார்.

குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்தபோது, அதை ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். தண்டனை உண்டு, ஆனால் சாபம் இல்லை, ஒதுக்கி வைத்தல் இல்லை. அந்த வாசல் திறந்திருந்தால்தான் குடிப்பவர் திரும்பி வருவார்.

ரமலானில் ஓர் எச்சரிக்கை

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டு தினமும் குடித்தவர், ரமலான் பிறை பார்த்த இரவோடு தௌபாச் செய்து நிறுத்துகிறார். நிய்யத் மிக உயர்ந்தது. மறுநாளே கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கமில்லை. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாளில் இல்லாததைக் கண்டு அலறலாம். வீட்டார் ‘ஜின் கோளாறு’ என்று ஓதிப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். உண்மையில் அது நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தியதால் மூளையும் நரம்பும் கொள்ளும் கலக்கம். கவனிக்காவிட்டால் உயிரையும் கொண்டு போகும். மருத்துவர் தரும் மாத்திரையும், வைட்டமின் பி-1 ஊசியும், சில நாள் கண்காணிப்பும் இதைத் தாண்ட உதவும்.

ஆகவே தினக் குடிகாரர் நிறுத்த விரும்பினால், முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடியைத் தொடரச் சொல்வதல்ல இதன் பொருள். பாதுகாப்பாக நிறுத்த வேண்டும் என்பதே பொருள். துஆவும் ஓதுங்கள், மருந்தும் கொடுங்கள். நோயாளி நோன்பைப் பிற்படுத்திக் களாச் செய்யக் குர்ஆன் சலுகை தந்திருக்கிறது. உங்கள் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு, எத்தனை ஆண்டு, கடைசியாக எப்போது என்ற மூன்று செய்திகளும் சிகிச்சைக்கு அவசியம்.

2. குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திராமல் 108 வண்டியை அழையுங்கள். அதே இடத்தில் குடித்த மற்றவர்களையும் எச்சரியுங்கள்.

3. குடியை விட உதவி கேட்க 14446 என்ற தேசியத் தொலைபேசி எண் உண்டு. பெயர் சொல்ல வெட்கப்படுவோரும் அதில் பேசலாம்.

4. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு அருகில் மதுக்கடை கூடாது என்று தமிழக விதி கூறுகிறது. நகராட்சி, மாநகராட்சிகளில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர். உங்கள் தெருவில் அளந்து பாருங்கள். விதி மீறியிருந்தால், மற்றச் சமயத்தாரையும் சேர்த்துக் கொண்டு ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். இந்தத் துன்பத்தில் எல்லாச் சமயத்துத் தாய்மார்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

5. குடியினால் சம்பாதிப்பவர் படுத்துவிட்ட ஏழை வீட்டை ஜமாஅத் கவனிக்கட்டும். பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காதபடி ஸதகாவும் ஜகாத்தும் உரியவர்களுக்குப் போய்ச் சேரட்டும். தகப்பன் செய்த குற்றத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்க நமக்கு உரிமையில்லை.

சகோதரர்களே! அரசு 2003 முதல் டாஸ்மாக் மூலம் தானே மதுவைச் சில்லறையாக விற்று வருகிறது. 2023-24ல் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடிகளில் எந்தத் தெருவின் பங்கு எவ்வளவு, எந்தத் தெருவின் ஜனாஸா எத்தனை என்று எண்ணுவோர் வேண்டும். மதுவில் சில பயன் இருப்பினும் அதன் கேடு பெரிது என்று அல்லாஹ் அறிவித்த அந்தத் தராசை, கஜானாவிலும் வைத்துப் பார்க்கலாம், நம் தெருமுனையிலும் வைத்துப் பார்க்கலாம்.

மதீனாவின் தெருக்களில் மது ஓடியது, வீடுகளுக்குள் இருந்த மனிதர்கள் பிழைத்துக் கொண்டார்கள். நம் தெருக்களில் மது பாட்டிலுக்குள் இருக்கிறது, மனிதர்கள் தெருவில் கிடக்கிறார்கள். இந்த மாதம் உங்கள் தெருவில் மெலிந்து, வயிறு வீங்கி, வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சென்று ஸலாம் சொல்லுங்கள். அவர் ஸலாம் சொல்லும் வழக்கமில்லாதவராயின், ‘நல்லா இருக்கீங்களாண்ணே?’ என்று கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணைக்கு வருவதாகச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம்மையும் நம் அண்டை வீட்டாரையும் இந்தக் கேட்டிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.