கட்டி வளர்க்கும் கறவைப் பசுவுக்கு வைக்கோற் கட்டுக்களைத் தீவனமாகக் கொடுத்தல்

சென்ற ஆவணி மாதத்தில் கமக்காரர் ஒருவர் தமது பசுவை வந்து பார்க்கும்படி என்னை அழைத்தார். கொட்டிலில் தீவனத் தொட்டி நிறைய வைக்கோல் கிடந்தது. ஆனால் பசுவின் விலா எலும்புகளை எண்ணக்கூடியதாயிருந்தது. நாளொன்றுக்கு 5 லீற்றர் பால் கொடுத்த பசு ஒன்றரை லீற்றரே கொடுத்து வந்தது. கன்று ஈன்று ஏழு மாதமாகியும் அது வேட்கைக்கு வரவில்லை. "வைக்கலுக்குக் குறைவில்லை, ஐயா, எந்த நேரமும் முன்னுக்குக் கிடக்குது" என்றார் அவர். அவர் கூறியது உண்மையே. பசு பட்டினி கிடந்ததும் உண்மையே. நிறைந்த தொட்டியின் முன்னே பசு பட்டினி கிடப்பது ஏன் என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. குறை எங்கே உள்ளது?

மேயச் செல்லும் மாடு வேலியோரத்து இலையையும் வரம்பிலுள்ள புல்லையும் தானே தேடிக்கொள்ளும். கட்டுத்தறியில் நிற்கும் பசுவோ நாம் முன்னே இடுவதையன்றி வேறொன்றையும் உண்ண இயலாது. ஆதலால் அதன் நலமும் கேடும் நமது கையிலேயே தங்கியுள்ளன.

பசுவின் முதல் இரைப்பையில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலிலுள்ள நாரைச் சிதைத்துப் பசுவுக்கு உணவாக்குபவை இவையே. இவை நன்கு தொழிற்படுவதற்குத் தீவனத்தின் உலர் நிறையில் நூற்றுக்கு 7 பங்கேனும் புரதம் இருத்தல் வேண்டும். நெல் வைக்கோலில் உள்ளதோ நூற்றுக்கு 4 பங்கு அளவேயாகும். எனவே உண்ட வைக்கோல் எளிதிற் செரியாது இரைப்பையில் நெடுநேரம் தங்குகின்றது. வயிறு நிறைந்திருப்பதால் பசு மேலும் உண்ணாது, உடல் மெலியும், பால் வற்றும், சினை பிடிப்பதும் தாமதமாகும்.

2. வைக்கோலைச் சேர்த்தலும் காத்தலும்

முற்காலத்தில் சூடு மிதித்த களத்திலேயே வைக்கோல் குவிந்து கிடந்தது. இன்று அறுவடை இயந்திரம் அதனை வயலெங்கும் சிதறிச் செல்கின்றது. அதனைக் கூட்டி அள்ளுதல் கடினமென்று பலர் தீயிட்டு விடுகின்றனர். ஒரு வயலில் விளையும் நெல்லின் நிறையும் வைக்கோலின் நிறையும் ஏறத்தாழச் சமமாகும். எனவே எரிப்பவர் தமது விளைவிற் பாதியை எரிப்பவராவார். கட்டும் இயந்திரம் கிடைக்குமிடங்களில் வைக்கோலைக் கட்டுக்களாக்கிச் சேமித்தல் நன்று. அப்போது கவனிக்க வேண்டியவை:

(அ) வைக்கோல் நன்கு காய்ந்த பின்னரே கட்டுதல் வேண்டும். கைப்பிடியளவு எடுத்து முறுக்கினால் ஈரப்பசை தோன்றலாகாது. ஈரத்தோடு கட்டியது உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

(ஆ) பனங்குற்றிகளை அல்லது மரச் சலாகைகளைப் பரப்பி, நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் அடுக்குதல் வேண்டும். சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுக.

(இ) அடுக்கி ஒரு வாரம் கழித்துக் கட்டுக்களுக்கிடையே கையை விட்டுப் பார்க்கவும். சூடு தென்பட்டால் அடுக்கைக் கலைத்து உலரவிடுக.

எத்தனை கட்டு வேண்டும்? பசுவொன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோவாக, வறண்ட நான்கு மாதங்களாகிய 120 நாளுக்கு 720 கிலோ வேண்டும். கழிவையும் சேர்த்து 800 கிலோ எனக் கொள்வோம். கட்டு ஒன்று 15 கிலோவாயின் 54 கட்டுக்கள் தேவைப்படும். கட்டின் நிறை இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடுமாதலால், இரண்டு மூன்றை நிறுத்துப் பார்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

3. தொட்டியில் இடும் முறை

கட்டை அவிழ்த்தவுடன் கயிறு முழுவதையும் எடுத்து எண்ணி, கொட்டிலுக்கு வெளியே ஓர் ஆணியில் மாட்டுக. நைலோன் கயிற்றை விழுங்கிய பசுவின் வயிற்றில் அது செரியாது திரண்டு அடைத்துக்கொள்ளும். கம்பித் துண்டாயின் இரைப்பையைத் துளைத்து இருதயம் வரை சென்று உயிரைப் போக்கவுங்கூடும்.

இறுகிய வைக்கோலை அப்படியே தொட்டியில் தள்ளாது, வெளியே உதறி இடுக. பூஞ்சணம் பிடித்ததும் கறுத்ததும் புளித்த மணமுடையதுமான பகுதியை விலக்குக. நாளின் அளவை ஒரே முறையில் இடாமல் மூன்று நான்கு முறையாகப் பிரித்து இடுக. வெப்பம் மிக்க நாட்களில் மாலையிலும் இரவிலும் பசு கூடுதலாக உண்ணுமாதலால், பெரும் பங்கை அவ்வேளைக்கு ஒதுக்குக. கறக்கும் நேரத்தில் உதறினால் தூசி பாலில் விழும். ஆகவே கறந்த பின்னரே இடுக. நாள்தோறும் காலையில் தொட்டியைத் துப்புரவு செய்து, எஞ்சியதன் அளவைக் கவனித்து வருக.

4. யூரியா சேர்த்துப் பதப்படுத்தல்

இம்முறை 1980களில் இலங்கையிற் பரிசோதிக்கப்பட்டுக் கமக்காரரிடையே பரப்பப்பட்டது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவும் 100 லீற்றர் நீரும் வேண்டும். கட்டினுள் நீர் புகாதாகையால், முதலில் கட்டுக்களை அவிழ்த்து உதறுக. நிலத்திற் பொலித்தீன் விரித்து, 25 கிலோ வைக்கோலைப் பரப்பி, முற்றாகக் கரைந்த யூரியா நீரில் 25 லீற்றரைப் பூவாளியால் எங்கும் ஒரே சீராகத் தெளித்து, நன்கு மிதிக்கவும். இவ்வாறு நான்கு படை அமைத்த பின், காற்றுப் புகாதவாறு படங்கினால் மூடி ஓரங்களுக்குப் பாரம் வைக்கவும். யூரியாவிலிருந்து தோன்றும் அமோனியா வாயு நாரை இளக்கும்; புரத மதிப்பையும் உயர்த்தும்.

இரண்டு வாரங் கழித்துத் திறக்கலாம். நாளுக்கு வேண்டியதை முதல் நாள் மாலையிலேயே எடுத்துப் பரப்பி, நெடி நீங்கிய பின் கொடுக்கவும். முதல் நாள் காற்பங்கு எனத் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு உயர்த்துக. ஒரு குவியலிலிருந்து எடுத்து வரும்போதே அடுத்ததை மூடி வைத்தால் இடையீடு நேராது.

5. கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை

யூரியா அளவு மீறினால் நஞ்சாகும். கண்ணளவை நம்பாது நிறுத்தே எடுக்கவும். யூரியா கரைத்த வாளியைக் கொட்டிலில் ஒருபோதும் வைத்தலாகாது. தாகங்கொண்ட பசு அதனைக் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இறக்கக்கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குப் பதப்படுத்திய வைக்கோலைக் கொடுக்கவேண்டாம். நுரை தள்ளல், உடல் நடுக்கம், வயிறு ஊதல், தள்ளாடல் ஆகியவற்றைக் கண்டால் உடனே கால்நடை வைத்தியரை அழைக்கவும். அவர் வருமுன், பசுவுக்கு விழுங்கும் வலு இருந்தால், 2 முதல் 4 லீற்றர் வினாகிரியைச் சம அளவு குளிர்ந்த நீரிற் கலந்து, தலையை மிக உயர்த்தாமல் மெல்ல மெல்லப் புகட்டலாம்.

6. துணைத் தீவனமும் நீரும்

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது யூரியா கிடைக்காது தவித்ததை நாம் மறக்கவியலாது. ஆகவே வேலியெங்கும் கிளிரிசிடியாவை நட்டுவைத்தல் அறிவுடைமை. வெட்டி அரை நாள் வாடவிட்ட இலையைச் சிறிது சிறிதாகப் பழக்கி, நாளொன்றுக்கு 6 முதல் 10 கிலோ வரை கொடுக்கலாம். இவ்விலை புரதம் மிக்கது. பதப்படுத்தாத வைக்கோலின் குறையையும் இது பெரிதும் நீக்கும். பால் தரும் பசுவுக்குத் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கலந்து, ஒவ்வோர் இரண்டரை லீற்றர் பாலுக்கும் ஒரு கிலோ வீதம் கொடுக்கவும். கனியுப்புக் கலவையும் வேண்டும். உலர் தீவனம் உண்ணும் கறவைப் பசு நாளொன்றுக்கு 40 முதல் 60 லீற்றர் நீர் குடிக்குமாதலால், அதன் வாய்க்கெட்டும் இடத்தில் நல்ல நீர் எந்நேரமும் இருத்தல் அவசியம்.

தொட்டியில் எஞ்சிய வைக்கோலைச் சாணத்தோடு சேர்த்து மக்கவிடுக. வைக்கோலிற் பொட்டாசியம் மிகுதியாக உண்டு. வயலிலிருந்து எடுத்ததை வயலுக்கும் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கும் எருவாகத் திருப்பிக் கொடுத்தல் கமக்காரரின் கடமையாகும்.

முதலிற் கூறிய கமக்காரர் அன்றே வேலியிலிருந்து இலை வெட்டினார். அடுத்த வாரம் வைக்கோலைப் பதப்படுத்தத் தொடங்கினார். ஐப்பசியில் நான் மீண்டும் சென்றபோது பசு மூன்றரை லீற்றர் கறந்தது, வேட்கைக்கும் வந்திருந்தது. அவர் புதிதாக வாங்கியது நான்கு கிலோ யூரியா மட்டுமே. வைக்கோலும் வேலியும் முன்னரே அவரிடம் இருந்தன.