விற்கும்போது தெரிந்த கணக்கு, வாங்கும்போது மறக்கலாமா?

ஓமந்தூர், திண்டிவனம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் குடியானவர்களுக்கு விலையின் போக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் மூட்டையெல்லாம் ஒரே வாரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வந்து இறங்கினால் விலை படுக்கும். வரத்து குறைந்தால் எழும்பும். இந்த மண்ணுக்கும் அந்தப் பயிருக்கும் உள்ள உறவு அப்படி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் ‘டி.எம்.வி.’ என்று ஊர்ப் பெயரைத் தாங்கியே நாடெங்கும் போயிருக்கின்றன.

விற்கும்போது இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், வாங்கப் போகும்போது மட்டும் நல்ல நாளையும் கடை வாசல் விளம்பரத் தட்டியையும் நம்பிவிடுகிறோம். அப்படி நம்பிப் பணத்தை விடும் ஐந்து இடங்களைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஆடியில் எது வாங்கினாலும் லாபம்.

உண்மை: ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. தீபாவளிச் சரக்கு இறக்கக் கடைக்காரருக்கு இடமும் முதலும் வேண்டும். அதனால் நைட்டி, லுங்கி, உள்ளாடை போன்ற அன்றாடத் துணிக்கு ஆடித் தள்ளுபடி உண்மையிலேயே உதவும். ஆனால் தட்டியில் இருக்கும் சதவீதத்தைப் பார்க்காமல் பில் தொகையைப் பாருங்கள். ‘50 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம்’ என்றால் 60 ஆகிவிடாது. 1,000 ரூபாய்ச் சேலை 500 ஆகும். அந்த 500-இல் 10 சதவீதம் கழித்தால் 450. மொத்தத் தள்ளுபடி 55 சதவீதம்தான்.

கைத்தறிக்குக் காலம் வேறு. 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், தீபாவளியை ஒட்டி 30 சதவீதம் வரை தள்ளுபடி தருவது வழக்கம். கதருக்குக் காந்தி ஜெயந்தி. போர்வை, துண்டு, வேட்டி வாங்க அதுவரை பொறுத்திருக்கலாம்.

நம்பிக்கை 2: அட்சய திருதியை அன்று வாங்கினால்தான் தங்கம் பெருகும், ஆடியில் வாங்கக் கூடாது.

உண்மை: தங்கத்தின் விலையை உலகச் சந்தையும், டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பும், இறக்குமதி வரியும் தீர்மானிக்கின்றன. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் அந்த வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. அன்றே சென்னையில் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. அது ஆடி முதல் வாரம். ‘ஆகாத மாதம்’ என்று பலர் நகைக்கடைப் பக்கமே போகாத நேரம்.

அடுத்த இறக்கம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் கையில் இருப்பது செய்கூலியும் சேதாரமும்தான். கூட்டம் இல்லாத நாளில் போய், இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுங்கள். ஆறு இலக்க ஹால்மார்க் எண் நகையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம்.

நம்பிக்கை 3: மளிகைக்கு ஏது பருவம்? மாதாமாதம் வாங்குவதுதான்.

உண்மை: பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது. புதுப்புளி வருவது மாசி, பங்குனியில். மிளகாய் வற்றலும் அதையொட்டியே சந்தைக்கு வரும். மஞ்சள் தை முதல், சம்பா நெல் தை, மாசியில், அதன் பின்னே உளுந்து. பக்கத்து மரக்காணம் உப்பளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேலை நின்று, தைக்கு மேல்தான் மறுபடி உப்பு வார ஆரம்பிக்கிறார்கள்.

சித்திரையில் நம் பாட்டிமார் மிளகாய் காயவைத்ததும், வடாம் பிழிந்ததும், மாங்காய் ஊறுகாய் போட்டதும் வெயிலுக்காக மட்டும் இல்லை. உப்பு, மிளகாய், புளி, மாங்காய் நான்கும் மலிவாகக் கிடைக்கும் காலம் அது. புளியை வெயிலில் காயவைத்து, கொட்டையும் நாரும் நீக்கி, கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக மண்பானையில் அழுத்தி, வாயை வெள்ளைத் துணியால் வேடுகட்டி வைப்பார்கள். அடுத்த மாசி வரை அந்த வீடு புளிக்காகக் கடைக்குப் போகாது.

அரிசியும் அப்படித்தான். புது அரிசி குழையும் என்பதால் விலை குறைவு. பழையதற்கு விலை கூட. தையில் வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தால் அந்த வித்தியாசம் நமக்கே மிஞ்சும்.

நம்பிக்கை 4: அப்படியானால் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போடலாம்.

உண்மை: கெடாமல் வைக்கத் தெரிந்ததை மட்டும் வாங்குங்கள். புளி, உப்பு, மிளகாய், மஞ்சள் ஓராண்டு நிற்கும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ரவையும் மாவும் வண்டு வைக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பக்கத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரையில் கிடக்கும் மூட்டை அப்படி ஒரு மழையைத் தாங்காது. ஐப்பசி பிறக்குமுன் சேமித்ததை உயரத்தில் ஏற்றிவிடுங்கள்.

நம்பிக்கை 5: ஏசி, ஃபிரிட்ஜை வெயில் முடிந்து வாங்கினால் மலிவு, வட்டியில்லாத் தவணை இருக்கிறது.

உண்மை: முதல் பாதி ஓரளவு சரி. ஆனால் கடையில் தேங்கிய சரக்கின் நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டைப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் மின்சிக்கன அளவுகோல் இறுக்கப்பட்டதால், முன்பு 5 நட்சத்திரம் பெற்ற ஏசி இப்போது 4 மட்டுமே பெறக்கூடும். விலையில் மிஞ்சியது மின்கட்டணத்தில் போகலாம்.

வரி மாற்றச் செய்திக்கும் காது கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி நீங்கலாக 30,000 ரூபாய் விலையுள்ள ஏசிக்கு அதனால் மட்டும் 3,000 ரூபாய் குறைந்தது.

தவணை விஷயத்தில், பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி வேறு பெயரில், பரிசீலனைக் கட்டணமாகவோ கைவிட்டுப்போன ரொக்கத் தள்ளுபடியாகவோ வந்து சேரும். ‘ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

விலை இறங்கினால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கும்: அறுவடை, தேங்கிய சரக்கு, வரி. அந்தக் காரணம் வரும் மாதத்தில் கையில் ரொக்கம் இருக்கும்படி சிறுகச் சேர்த்து வைப்பதே சிக்கனம். இன்றே அடுப்படியில் ஒரு நாற்பது பக்க நோட்டை மாட்டுங்கள். புளி, பருப்பு, மிளகாய், எண்ணெய் எது வாங்கினாலும் தேதியையும் கிலோ விலையையும் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதிவிட்டால், உங்கள் வீட்டுக்கு எந்த மாதம் எது மலிவு என்பதை அந்த நோட்டே சொல்லும்.