தோராயம் பிழையாகுமா?

'அப்ராக்சிமேட்' என்னும் ஆங்கிலச் சொல்லை நாம் அன்றாடம் கேட்கிறோம். வீடு கட்ட ஆகும் செலவு, பேருந்து வந்துசேரும் நேரம், கூட்டத்திற்கு வந்தோர் தொகை ஆகியவற்றைக் கூறும்போது இச்சொல் வருகிறது. 'குத்துமதிப்பு' என்றே பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். இது சரியா?

'மிக அருகில்' எனப் பொருள்படும் 'ப்ராக்சிமஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். ஆகவே, உண்மை அளவுக்கு அருகில் உள்ளதே தோராய அளவு. எவ்வளவு அருகில் என்பதே அறிவியல் கேட்கும் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பையின் மதிப்பை 22/7 எனக் கொண்டால், 14 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தட்டின் சுற்றளவு 44 செ.மீ. என வரும். இது உண்மையளவைவிட ஏறத்தாழ 0.2 மி.மீ. மட்டுமே அதிகம், உங்கள் அளவுகோல் இதைக் காட்டாது. ஆனால், புவியை 12,742 கி.மீ. விட்டமுள்ள கோளமாகக் கொண்டு அதன் சுற்றளவைக் கணக்கிட்டால், அதே 22/7 தரும் வேறுபாடு சுமார் 16 கி.மீ.! பையை 3.1416 எனக் கொண்டால் வேறுபாடு 100 மீட்டருக்கும் குறைவு.

கி.பி. 499 அளவில் இம்மதிப்பைத் தந்த ஆரியபட்டர், அதனை 'ஆசன்னம்' என்றே குறித்தார். 'நெருங்கியது' என்பது அதன் பொருள்.

எனவே மாணவர்களே, தோராயம் பிழையன்று. பை ஒரு விகிதமுறா எண். 22/7 விகிதமுறு எண். இரண்டும் சமம் என எழுதுவதே பிழை. அங்கே சமக்குறிக்குப் பதிலாக ≈ என்னும் குறியை இடுங்கள்.